சந்தா இல்லாத டிவி: கடலூர் அம்மா வீட்டில் டிடி ப்ரீ டிஷ், ஒன்றரை வருஷ அனுபவம்

அம்மா கடலூர் முதுநகரில் தனியாக இருக்கிறார், நான் புதுச்சேரி முதலியார்பேட்டையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மஞ்சக்குப்பம், அங்கிருந்து இன்னொரு பஸ். 2024 ஜனவரியில் ஒரு ஞாயிறு அப்படிப் போனபோது டிவி அணைந்து கிடந்தது. என்னம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "டிவி வரல, அதான்" என்றார். கேபிளுக்கு இரண்டு மாதப் பாக்கி. மாதம் 280 ரூபாய். முட்டி வலி மாத்திரைக்குச் செலவாகிவிட்டது என்று தள்ளிப் போட்டிருக்கிறார், என்னிடம் கேட்கக் கூச்சம். நான் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன், எந்தச் சேனலுக்குப் போனாலும் பணம் கட்டச் சொல்லி ஒரே அறிவிப்பு. தூர்தர்ஷனுக்குப் போனேன், அங்கேயும் அதே அறிவிப்புதான்.

அதுதான் என்னை உறுத்தியது. சீரியல் சேனல் தனியார் சொத்து, காசு கட்டவில்லை என்றால் நிறுத்துகிறார்கள், சரி. தூர்தர்ஷன் நம் வரிப்பணத்தில் ஓடுகிறது. 1995ஆம் வருஷத்துக் கேபிள் டிவி சட்டப்படி எந்தக் கேபிள்காரரும் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்டியாக வேண்டும். ஆனால் பெட்டியே பூட்டப்பட்டால் அந்தச் சட்டத்தால் அம்மாவுக்கு என்ன பயன்? எழுபத்தொரு வயதில் ஒருத்தி வீட்டுக்குள் உட்கார்ந்து செய்திகூடப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் 560 ரூபாய்.

பாக்கியை அன்றைக்கே கட்டினேன். அடுத்த மாதமே டிடி ப்ரீ டிஷ் வாங்கிவிட்டேன், தூர்தர்ஷனே செயற்கைக்கோள் வழியாகச் சந்தா இல்லாமல் சேனல்கள் தருகிற சேவை அது.

வாங்கிய விவரம் இதோ. லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் பெட்டி, குடை என்று நாம் சொல்கிற டிஷ் ஆன்டெனா, அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்குகிற எல்என்பி, இருபது மீட்டர் வயர் எல்லாம் சேர்த்து 1,750 ரூபாய், மாட்டிக் கொடுத்த தம்பிக்கு 350. மொத்தம் 2,100. அதற்கப்புறம் மாதா மாதம் ஒரு பைசா கிடையாது, ரீசார்ஜ் கிடையாது, கார்டு கிடையாது. கடையில் முதலில் எடுத்து வைத்தது எம்பெக்-2 பெட்டி, அதாவது படத்தைச் சுருக்கி அனுப்புகிற பழைய முறைக்கானது, முந்நூறு ரூபாய் குறைச்சல். அதை வாங்காதீர்கள். புது முறையான எம்பெக்-4 பெட்டியில்தான் இரண்டு வகைச் சேனலும் வரும், பழைய பெட்டியில் பாதி வராது. இதைக் கடைக்காரர் தானாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார்.

மாட்டுவது நினைத்ததைவிடச் சுலபம். ஜிசாட்-15 என்ற நம் செயற்கைக்கோள், கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. கடலூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, நல்ல உயரத்தில். அதாவது குடை கடலைப் பார்த்து நிற்க வேண்டும். முதுநகரில் இதற்குப் பிரச்சினையே இல்லை, நடுவில் மாடிக் கட்டடம் கிடையாது. அம்மா வீட்டில் தடையாக இருந்தது பக்கத்து வீட்டுத் தென்னை. "அக்கா, மட்டை ஆடுச்சுன்னா படம் கட்டம் கட்டமாப் போயிடும்" என்று சொல்லி, அந்தத் தம்பி குடையை மொட்டை மாடியின் மறுகோடிக்குத் தூக்கிப் போனார். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் போன், கீழே நான் டிவி முன்னால் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று கத்திக்கொண்டிருந்தேன். டிவியில் சிக்னல் அளவைக் காட்டுகிற கோடு 70ஐத் தாண்டியதும் போல்ட்டை முடுக்கிவிட்டார். இருபது நிமிட வேலை.

என்ன வருகிறது? டிடி தமிழ் வருகிறது, முன்பு பொதிகை என்று இருந்ததுதான், 2024 ஜனவரி 19 அன்று பெயர் மாற்றிப் புது வடிவத்தில் விட்டார்கள். டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், டிடி பாரதி, நாடாளுமன்றச் சேனல், பள்ளிப் பாடச் சேனல்கள், மற்ற மாநில தூர்தர்ஷன்கள், அப்புறம் ஆகாசவாணியின் வானொலி நிலையங்கள். படத் தெளிவு நன்றாகவே இருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்த 24 அங்குல டிவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2006ல் தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி இன்னும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, அதையும் மூன்று நிற ஒயரைச் செருகிப் போட்டுப் பார்த்தேன், அதிலும் வந்தது.

இப்போது குறை. தமிழ் ரொம்பக் கம்மி. அம்மா ராத்திரி ஏழு மணிக்குமேல் விடாமல் பார்க்கிற தொடர்கள் வருகிற பெரிய தனியார் சேனல் எதுவும் இதில் இல்லை. ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனால் ஹிந்திப் படம், ஹிந்திப் பாட்டு, போஜ்புரி, ஹிந்திச் செய்தி, மறுபடி ஹிந்திப் படம். முதல் வாரம் அம்மா என்மேல் கோபமாகவே இருந்தார். "ஏண்டி, எனக்குப் புரியாத பாஷையில நூறு சேனல் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்தப் பெட்டிக்குப் பின்னால் பணம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டேன்.

நாம் சந்தா கட்டவில்லை. அப்போது யார் கட்டுகிறார்கள்? தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்துகிற பிரசார் பாரதியின் ஊழியர் சம்பளம் மத்திய அரசு நிதியிலிருந்து வருகிறது. மீதிக்கு விளம்பரம், அதோடு இந்த ப்ரீ டிஷ்ஷில் இடம் வேண்டும் என்கிற தனியார் சேனல்கள் ஏலத்தில் கட்டுகிற பணம். ஓர் இடத்துக்குக் கோடிக்கணக்கில். நாடு முழுக்க நான்கு கோடி வீடுகளுக்குமேல் ப்ரீ டிஷ் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள், அதில் பெரும்பகுதி ஹிந்தி பேசுகிற மாநிலங்களில். விளம்பரக்காரர்களுக்கு அந்த வீடுகள் வேண்டும், அதனால் ஹிந்திச் சேனல்கள் கோடிகளைக் கொட்டி இடம் பிடிக்கின்றன. தமிழ்நாட்டில் கேபிள் வீட்டுக்கு வீடு இருக்கிறது, 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கே கொடுத்தது, அதனால் இங்கே குடை வாங்கினவர்கள் கம்மி. சந்தாவில் நன்றாகச் சம்பாதிக்கிற ஒரு தமிழ்ச் சேனல் எதற்காக ஏலத்தில் பணம் கட்டி இலவசமாக வர வேண்டும்? வராது. அந்த ஏலக் கணக்கை நம்பவும் முடியாது. 2022ல் நான்கு பெரிய குழுமங்கள் தங்கள் ஹிந்திப் பொழுதுபோக்குச் சேனல்களைச் சொல்லிவைத்தாற்போல விலக்கிக்கொண்டன, அப்புறம் சில திரும்பி வந்தன. அவர்கள் வந்தால் நமக்கு உண்டு, போனால் இல்லை.

ஆக, பார்க்கிறவர் பணம் கொடுக்காத இடத்தில், கொடுக்கிறவர் சொன்னதுதான் நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது. அம்மாவின் கேள்விக்குப் பதிலும் இதுதான்.

ஒரு காலத்தில் நாமும் நேரடியாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருக்கிறது. உள்ளங்கை அகலம், அட்டை பழுப்பேறி ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. உள்ளே வருஷத்துக்கு ஒன்றாக ஒட்டிய ஸ்டாம்புகள், ஒவ்வொன்றின் மேலும் முதுநகர் தபால் ஆபீஸின் வட்ட முத்திரை, சிலதில் தேதி தெரிகிறது, சிலதில் மை பரவி வெறும் கருப்பு. ரேடியோவுக்கு வருஷம் 15 ரூபாய், டிவி வைத்திருந்தால் 50. கட்டாமல் வைத்திருந்தால் இன்ஸ்பெக்டர் வந்து பெட்டியைத் தூக்கிப் போகலாம். இன்ஸ்பெக்டர் தெருவுக்குள் வந்துவிட்டார் என்றால் எதிர் வீட்டில் ரேடியோவுக்குப் போர்வை போட்டு மூடி அதன்மேல் குழந்தையை உட்கார வைப்பார்களாம். அப்பா ஒரு வருஷமும் தவறவில்லை என்பதை அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். 1980களின் நடுவில் அந்த லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். வசூலிக்கிற செலவும் தொல்லையும் பெரிது என்று எடுத்ததில் தப்பில்லை. ஆனால் அதோடு, "நான் கட்டுகிறேன், எனக்கு இது வேண்டும்" என்று கேட்கிற உரிமையும் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த லைசென்ஸ் கதை புதிதில்லை, பாதிப் பேருக்குப் பிரான்ஸில் சொந்தம் உண்டு. என் சித்தி பாரீஸ் பக்கத்தில் நாற்பது வருஷமாக இருக்கிறார். வீட்டு வரியோடு சேர்த்து டிவிக்கு 138 யூரோ வருஷா வருஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள், 2022ல் அதை எடுத்துவிட்டு, பொருள் வாங்கும்போது கட்டுகிற வரியிலிருந்து ஒரு பங்கு என்று மாற்றினார்கள். சித்திக்குச் சந்தோஷம். சித்தப்பாவுக்கு இல்லை. "இனி ஒவ்வொரு வருஷமும் அரசாங்கம் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு" என்கிறார். பிரிட்டனில் இன்னும் லைசென்ஸ்தான், 2025 ஏப்ரலில் அதை 174.50 பவுண்ட் ஆக்கினார்கள், கட்டாமல் நேரலை டிவி பார்த்தால் கோர்ட், அபராதம் 1,000 பவுண்ட் வரை. இதை நான் ஏற்கமாட்டேன். டிவி பார்த்ததற்காக ஓர் ஏழைப் பெண்ணைக் கோர்ட்டில் நிறுத்துவது எந்த ஊரிலும் நியாயமில்லை. ஜெர்மனியில் 2013 முதல் வீட்டில் டிவி இருக்கிறதா இல்லையா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, வீட்டுக்கு இவ்வளவு, அவ்வளவுதான், இப்போது மாதம் 18.36 யூரோ, அரசு உதவியில் வாழ்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. இத்தாலியில் 2016லிருந்து கரண்ட் பில்லோடு சேர்த்துவிட்டார்கள், அதுவரை ஏமாற்றிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிக்கை சட்டென்று குறைந்துபோனது.

என் வீட்டுக்காரர் இதில் எனக்கு நேர் எதிர். "பார்க்கிறவங்க கட்டட்டும். நாம ஓடிடிக்குக் கட்டுறோம், கட்டினதைப் பார்க்கிறோம். நான் பார்க்காத தூர்தர்ஷனுக்கு நான் ஏன் கட்டணும்?" இதைப் பல பேர் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே பதில் சொல்கிறேன். செயற்கைக்கோளிலிருந்து வருகிற சிக்னல் ஒரு வீட்டில் விழுந்தாலும் நான்கு கோடி வீட்டில் விழுந்தாலும் அனுப்புகிற செலவு ஒன்றுதான். அம்மா பார்ப்பதால் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. அதைச் சந்தாவாக மாற்ற வேண்டுமானால் முதலில் சிக்னலைப் பூட்ட வேண்டும், பூட்டைத் திறக்கிற பெட்டி வேண்டும், வசூலுக்கு ஆள் வேண்டும், பாக்கி வைத்தவரை நிறுத்த ஒரு ஏற்பாடு வேண்டும். அம்மாவைப் போன்றவர்களை வெளியே நிறுத்துவதற்காகவே இவ்வளவு செலவு. அப்புறம், சந்தா என்று வந்துவிட்டால் யார் கட்டுவார்களோ அவர்களுக்குப் பிடித்ததைத்தான் காட்டத் தோன்றும். மீனவருக்குக் கடல் எச்சரிக்கை, கரும்புக்கு என்ன நோய் வந்திருக்கிறது என்று சொல்கிற வேளாண் நிகழ்ச்சி, காது கேளாதவர்களுக்கான செய்தி, இதற்கெல்லாம் தனித்தனியாகச் சந்தா வசூலித்து நடத்த முடியாது. ஆனால் இது இருக்கத்தான் வேண்டும்.

கிரிக்கெட் இன்னொரு உதாரணம். 2007ல் ஒரு சட்டம் வந்தது, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று. 2017ல் உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிர்ந்ததைத் தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்பிலும் ப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் கூடாது என்று சொல்லிவிட்டது. இதனால் என்ன ஆயிற்றென்றால், 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், தெருவில் பாதிப் பேர் வீட்டில் ஸ்போர்ட்ஸ் பேக் கிடையாது, அம்மா வீட்டில் மட்டும் காசில்லாமல் ஓடியது. நான் அன்று சனிக்கிழமையே போயிருந்தேன். திண்ணைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து டிவியைத் திருப்பி வைத்தோம். மீன்பிடித் துறைமுகத்து வேலைக்குப் போகிற பையன்கள், பக்கத்து வீட்டு ஆயா, இரண்டு சின்னப் பிள்ளைகள் தூங்கி விழுந்துகொண்டு, எல்லாரும். கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத அம்மா, கடைசி ஓவருக்கு அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்தார். ஏழு ரன்னில் ஜெயித்தோம். அன்றைக்கு ராத்திரி அந்தத் தெருவுக்கு ஒரு பொதுத் தொலைக்காட்சி இருந்தது.

சரி, "அரசாங்க டிவி அரசாங்கம் சொல்வதைத்தானே சொல்லும்" என்பார்கள். அது பொய்யில்லை. பிரசார் பாரதியைத் தன்னாட்சி அமைப்பாக்கச் சட்டம் போட்டது 1990ல், நடைமுறைக்கு வந்தது 1997ல், ஆனாலும் சம்பளம் கொடுக்கிற கை தில்லியில்தான் இருக்கிறது. டிடி தமிழ் செய்தியை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கும்போது சில நாள் எனக்கே பொறுக்காது, ஒரே பக்கத்துச் செய்தியாகப் போகும். ஆனால் அதற்கு மருந்து சந்தா இல்லை. நேராக நம் கையிலிருந்து, அமைச்சரவையின் மனநிலையைப் பொறுத்து கூடாமலும் குறையாமலும் போய்ச் சேருகிற ஒரு சின்னத் தொகைதான் மருந்து என்று நான் நினைக்கிறேன். அதற்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கரண்ட் இலவசம், அதற்குள் முடிந்தால் பில் பூஜ்யம். இத்தாலிபோல அந்தப் பில்லில் பத்து ரூபாய் சேர்க்கட்டும், பில் பூஜ்யம் வருகிற வீட்டுக்கு அதுவும் பூஜ்யம். இன்ஸ்பெக்டர் வேண்டாம், போர்வை போட்டு மூட வேண்டாம். அந்தப் பத்து ரூபாய் அப்படியே தமிழ் ஒளிபரப்புக்கும் உள்ளூர்ச் செய்திக்கும் போக வேண்டும். ஒரு வீடு வருஷத்துக்கு அறுபது ரூபாய். நான் என் கேபிளுக்கும் ஓடிடிக்கும் இரண்டு நாளில் கொடுக்கிறது அது. அப்படி ஒரு பணம் இருந்தால், ஏலத்தில் எவன் அதிகம் கட்டினான் என்று பார்க்காமல் நல்ல தமிழ்த் தொடர் ஒன்றைத் தூர்தர்ஷனே எடுக்க முடியும், ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒளியும் ஒலியும் பார்க்க ஊரையே உட்கார வைத்தவர்கள்தானே அவர்கள்.

இனி பெட்டியின் மற்ற விஷயங்கள், சுருக்கமாக.

மழை இதன் பெரிய பலவீனம். தூறலுக்கு ஒன்றும் ஆகாது, ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழையில் படம் உறைந்து "சிக்னல் இல்லை" என்று வந்துவிடும், மழை விட்டதும் தானாகத் திரும்பும். தனியார் டிடிஎச்சிலும் இதே கதைதான். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து எங்களுக்கு நாற்பது சென்டிமீட்டருக்குமேல் கொட்டிய அன்று, அம்மா வீட்டில் குடையில் சிக்னலும் இல்லை, கரண்டும் இல்லை. அம்மா அப்பாவின் பழக்கத்தில் பேட்டரி ரேடியோவை எடுத்து வைத்துக்கொண்டு ஆகாசவாணி கேட்டிருக்கிறார். தென்பெண்ணையில் தண்ணீர் வருவது அடுத்தடுத்த நாளில் அதில்தான் தெரிந்தது என்றார். எனக்குப் போன் கிடைக்கவில்லை, தவித்துக்கொண்டிருந்தேன், அம்மாவோ ஊர் நிலவரம் முழுக்கத் தெரிந்து வைத்திருந்தார். எந்தச் சந்தாவும் கட்டாமல் வந்த குரல் அது.

உப்புக் காற்று அடுத்தது. பத்தே மாதத்தில் குடையின் போல்ட் எல்லாம் துரு. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மாட்டும்போதே கிரீஸ் தடவச் சொல்லுங்கள், எல்என்பி இணைப்பில் டேப் சுற்றச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைச் செய்யாமல் விட்டதில் ஒருமுறை இணைப்பு பச்சை பூத்துப் படமே போய், 150 ரூபாய் செலவு.

பெட்டியில் சேனல் வரிசை அவ்வப்போது மாறும், ஏலம் முடிந்ததும் புதிது வரும் பழையது போகும். மறுபடி தேடச் சொல்லி ஒரு பட்டனை அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கு இது தலைவலி. டிடி தமிழ் எந்த எண்ணில் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், மூன்று முறை அடித்துத் திருத்தியாகிவிட்டது.

யார் வாங்கலாம்? கேபிள் பாக்கி ஒரு கவலையாக இருக்கிற வீடுகள், தனியாக இருக்கிற பெரியவர்கள், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், இவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். தொடர் பார்க்காமல் இருக்க முடியாது என்பவர்கள் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். நாங்களே கடைசியில் என்ன செய்தோம் என்றால், சின்னக் கேபிள் பேக் ஒன்றை மறுபடி போட்டுக் கொடுத்தேன், அந்தத் தொடர்களுக்காக மட்டும். அது நின்றாலும் அம்மா இருட்டில் உட்கார வேண்டியதில்லை, ரிமோட்டில் ஏவி பட்டனை அழுத்தினால் குடை வந்துவிடும். அதை அம்மா இப்போது என்னைவிட வேகமாக அழுத்துகிறார். போன ஞாயிறு போனபோது கேபிளை நிறுத்திவிடலாமா என்று அவரே கேட்டார், தொடரில் கதாநாயகியை மாற்றிவிட்டார்களாம், பிடிக்கவில்லையாம். இந்த மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.